பிரதிவாதி ஒரு புத்தகம்

கடத்தி வந்த ஆளைப் பிடித்தால் போலீஸார் விலங்கு மாட்டுகிறார்கள். கடத்தி வந்த சரக்கைப் பிடித்தால் சுங்க இலாகா என்ன செய்கிறது? பறிமுதல் செய்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்த வார்த்தைக்குள் ஒரு விசித்திரமான சட்டக் கற்பனை ஒளிந்திருக்கிறது. ஆளின் மேல் குற்றம் சாட்ட வேண்டும் என்பதில்லை. சரக்கின் மேலேயே குற்றம் சாட்டலாம். ஆங்கிலேயச் சட்டத்திலும் அதிலிருந்து கிளைத்த அமெரிக்கச் சட்டத்திலும் இது நெடுநாள் வழக்கம். பிராந்திப் பீப்பாய் பிரதிவாதியாக நிற்கும். பட்டுத் துணி மூட்டை பிரதிவாதியாக நிற்கும். சொந்தக்காரன் வந்து, 'இது என்னுடையது, இதன் மேல் குற்றமில்லை' என்று வாதாடினால் பிழைக்கும். வராவிட்டால் போயிற்று. சரக்குக்கு வாய் கிடையாது.

ஆனால் வாயுள்ள சரக்கு ஒன்று உண்டு. அதுதான் புத்தகம். அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் தனக்காகத் தானே பேசும். அது பேசுவதைக் கேட்க யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும், அவ்வளவுதான். 1933-ல் நியூயார்க்கில் அப்படி ஒரு வழக்கு நடந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் வாதி. 'யுலிஸிஸ் என்ற ஒரு புத்தகம்' பிரதிவாதி. ஜேம்ஸ் ஜாய்ஸின் பேர்கூட வழக்கின் தலைப்பில் இல்லை.

சட்டக்காரர்கள் இந்த வழக்கைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் சட்டக்காரன் அல்ல, கதை எழுதுகிறவன். எனக்கு இதில் உள்ள அக்கறை வேறு. சுங்க அதிகாரி ஒரு நாவலைப் பிரித்துப் பார்த்து 'இது கூடாது' என்று எடுத்து வைத்துக்கொள்ளும்போது அவர் செய்வதும் ஒரு விமரிசனம்தான். அபிப்பிராயம் சொல்லுகிறார், அந்த அபிப்பிராயத்துக்கு நம்முடைய அபிப்பிராயத்துக்கு இல்லாத பலமும் இருக்கிறது. ஆகவே அவருடைய விமரிசன முறை என்ன, அதில் நாம் கற்றுக்கொள்ளவோ வெட்கப்படவோ ஏதாவது உண்டா என்று பார்ப்பதில் தவறில்லை.

முதலில் இங்கிலாந்து. 'யுலிஸிஸ்' 1922 பிப்ரவரி 2-ம் தேதி, ஜாய்ஸின் நாற்பதாவது பிறந்த நாளன்று பாரிஸில் வெளிவந்தது. வெளியிட்டவர் ஸில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண்மணி. 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' என்ற சின்னப் புத்தகக் கடை வைத்திருந்தவர். 732 பக்கம், ஆயிரம் பிரதிகள். அந்த வருஷம் டிசம்பரில் லண்டனை அடுத்த குரோய்டன் விமான நிலையத்தில் ஒரு பிரயாணியின் சாமான்களில் இந்தப் புத்தகம் அகப்பட்டது. சுங்க அதிகாரி பிரித்துப் பார்த்தார். 704-ம் பக்கம் கண்ணில் பட்டது. ஆபாசம் என்று எடுத்து வைத்துக்கொண்டார். பிரயாணி சும்மா இருக்கவில்லை. பேர் பெற்ற ஆசிரியரின் நூல், பெரிய இலக்கிய வட்டாரங்களில் பேசப்படுவது என்று ஆக்ஷேபித்தார். விஷயம் உள்நாட்டு இலாகாவுக்குப் போயிற்று. அங்கிருந்து, சர்க்கார் தரப்பு வழக்குகளுக்கெல்லாம் தலைவராக இருந்த ஸர் ஆர்ச்சிபால்ட் பாட்கினின் மேஜைக்குப் போயிற்று.

பாட்கின் எழுதி அனுப்பிய அபிப்பிராயம் பிற்காலத்தில் வெளியாயிற்று. முழுப் புத்தகத்தையும் படிக்கத் தமக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை என்று அவரே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். படித்தது 690-ம் பக்கம் முதல் 732 வரை, அதாவது கடைசி அத்தியாயம் மட்டும். அந்தப் பக்கங்களுக்கும் மற்றப் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புரியவில்லை, புத்தகம் எதைப் பற்றியது என்றும் தெரியவில்லை என்கிறார். அரைகுறைப் படிப்புள்ள கொச்சையான ஒரு பெண்பிள்ளை எழுதியதுபோல் இருக்கிறதாம். ஆகவே தடுக்க வேண்டியதுதான். தடுத்தார்கள். 1923-ல் வந்த இன்னொரு அச்சில் 500 பிரதிகள். அவற்றில் 499 ஃபோக்ஸ்டன் துறைமுகத்தில் சுங்கக்காரர்களிடம் சிக்கின என்று அந்நூலின் பதிப்பு விவரக் குறிப்பே சொல்கிறது. 1926-ல் கேம்பிரிட்ஜில் எஃப். ஆர். லீவிஸ் மாணவர்களுக்குப் பாடம் சொல்ல ஒரு பிரதி தருவித்துக் கொள்ளலாமா என்று புத்தகக் கடை மூலம் கேட்டதற்கே போலீஸ் விசாரணை வந்தது. 1936-ல் லண்டனில் பாட்லி ஹெட் கம்பெனியார் துணிந்து வெளியிட்டபோதுதான் சர்க்கார் கண்டும் காணாமல் விட்டது.

பாட்கினைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அதைவிட, அவர் சொன்னதை ஒரு விமரிசனமாகவே எடுத்துக்கொண்டு பரிசீலிப்பது பிரயோஜனமாக இருக்கும்.

கடைசி அத்தியாயம் யாருடையது? மாலி ப்ளூம் என்ற பாடகியின் மனத்தில் நடுநிசிக்கு மேல் ஓடுகிற நினைவு அது. எட்டே வாக்கியங்கள், நிறுத்தற்குறி கிட்டத்தட்ட இல்லை. அதிகம் படிக்காத பெண், கூச்சமில்லாத பெண். 'அரைகுறைப் படிப்புள்ள கொச்சையான பெண்பிள்ளை எழுதியதுபோல்' என்று பாட்கின் சொன்னாரே, அது வாஸ்தவம். எங்கோ பாரிஸில் உட்கார்ந்து, ஏசுசபைப் பாதிரிகளிடம் லத்தீன் படித்த ஒரு மனிதர் எழுதியது அது. எழுதியவரின் சாயல் ஒரு இடத்திலும் தெரியாமல், அவள் குரல் மட்டுமே கேட்கிறது. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டை யாரும் தந்துவிட முடியாது. பாட்கின் கண்டதைச் சரியாகத்தான் கண்டார். அது என்ன என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? முந்தின 689 பக்கங்களையும் அவர் படிக்கவில்லை. அந்தப் பக்கங்களில் 1904 ஜூன் 16-ம் தேதி காலை எட்டு மணியிலிருந்து டப்ளின் நகரத்தில் லியோபால்ட் ப்ளூம் என்ற விளம்பரத் தரகர் நடந்துகொண்டே இருக்கிறார். பெண்டாட்டிக்குக் காலை ஆகாரம் செய்து கொடுக்கிறார். ஒரு சிநேகிதனின் சவ அடக்கத்துக்குப் போகிறார். அன்று மாலை நாலு மணிக்கு இன்னொருவன் தன் வீட்டுக்கு வரப்போகிறான் என்று அவருக்குத் தெரியும்; தெரிந்தும் தெருத் தெருவாகச் சுற்றுகிறார். பிறந்து பதினோராம் நாள் இறந்துபோன பிள்ளை மனத்தைவிட்டு அகலுவதில்லை. யூதர் என்று கள்ளுக்கடையில் அவமானப்படுகிறார். நடுராத்திரியில், குடித்துத் தள்ளாடுகிற ஸ்டீபன் என்ற வாலிபனை வீட்டுக்கு அழைத்து வந்து கொக்கோ போட்டுக் கொடுக்கிறார். பிறகு தூங்கப் போகிறார். அப்போதுதான் மாலியின் நினைவு ஓடத் தொடங்குகிறது.

அந்த நினைவில் அன்று வந்துபோனவனும் இருக்கிறான். சுங்க அதிகாரியும் பாட்கினும் அவனைத்தான் பார்த்தார்கள். ஆனால் நினைவு போய் நிற்கிற இடம் வேறு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஹவுத் குன்றின் மேல், பூச்செடிகளுக்கு நடுவே, ப்ளூம் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதும் தான் சம்மதித்ததும்தான் அவள் கடைசியில் நினைப்பது. பகலெல்லாம் வெளியே அலைந்த அந்த மனிதர் வீடு வந்து சேருவது அந்தச் சம்மதத்தில்தான். 689 பக்கம் அவரோடு நடந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். 690-ல் நுழைந்தவனுக்கு யாரோ ஒருத்தி படுத்துக்கொண்டு ஏதேதோ பிதற்றுகிறாள். புத்தகத்துக்குத் தக்கபடி பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான் முதலில் நடந்தது. புத்தகமாக வருமுன்பே 'லிட்டில் ரிவ்யூ' என்ற பத்திரிகையில் 1918 முதல் 1920 வரை 'யுலிஸிஸ்' பகுதி பகுதியாக வந்தது. தபால் இலாகா சில இதழ்களைப் பிடித்து எரித்தது. 1921-ல் பத்திரிகையை நடத்திய மார்கரெட் ஆண்டர்ஸன், ஜேன் ஹீப் என்ற இரு பெண்களுக்கும் ஆளுக்கு 50 டாலர் அபராதம் போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட பகுதியைக் கோர்ட்டில் வாசிக்கப் போனபோது, ஒரு பெண்மணியின் முன்னிலையில் அதை வாசிப்பதாவது என்று ஒரு ஜட்ஜ் தயங்கினாராம். அந்தப் பெண்மணிதான் அதைப் பிரசுரித்தவர் என்று சொன்னார்கள். பிரசுரித்ததன் அர்த்தம் அவளுக்குத் தெரிந்திருக்காது என்று ஜட்ஜ் சமாதானம் செய்துகொண்டார்!

அந்தப் பகுதியில் கடற்கரையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கெர்ட்டி என்று பேர். மலிவுக் காதல் கதைகளின் பாஷையிலேயே அவள் மனம் சிந்திக்கிறது. தூரத்தில் ப்ளூம் நின்று பார்க்கிறார். வானத்தில் வாணவேடிக்கை. பக்கத்துக் கோயிலிலிருந்து பிரார்த்தனை கேட்கிறது. அவர் பார்க்கிறார் என்று தெரிந்தே அவள் சாய்ந்து உட்காருகிறாள். வழக்குப் போட்டவர்கள் கண்டது இவ்வளவுதான். பிறகு அவள் எழுந்து நடக்கிறாள். அப்போதுதான் அவளுக்குக் கால் ஊனம் என்று ப்ளூமுக்கும் நமக்கும் தெரிகிறது. அந்தப் பகட்டான பாஷையெல்லாம் எதை மூடிக்கொண்டிருந்தது என்று அந்த ஒரு நிமிஷத்தில் விளங்குகிறது. அதற்கு முன்னால் நிறுத்திவிடுகிறவனுக்குக் காமம்தான் மிஞ்சும். இன்னும் இரண்டு பக்கம் போகிறவனுக்கு நெஞ்சு கனக்கும்.

சரி, பறிமுதலுக்குப் பிறகு என்ன நடக்கிறது? தடுத்த புத்தகம் வராமல் நின்றுவிடுகிறதா? இல்லை. வேறு வழியாக வருகிறது. ஹெமிங்வேயின் நண்பர் ஒருவர் கனடாவில் வின்ட்ஸர் ஊரிலிருந்து நதியைக் கடந்து டெட்ராயிட்டுக்கு தினம் படகில் போய்வந்தார். பாரிஸிலிருந்து வின்ட்ஸருக்கு வந்து சேர்ந்த பிரதிகளைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கரை சேர்த்தார். இது வேடிக்கை. வேடிக்கையில்லாத விளைவும் ஒன்று உண்டு. அப்போதைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் அச்சான ஆங்கிலப் புத்தகத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் அமெரிக்காவில் அச்சிட்டால்தான் பதிப்புரிமை நிலைக்கும். அச்சிட முடியாத புத்தகத்துக்கு உரிமை ஏது? ஸாமுவேல் ராத் என்பவர் 1926-ல் தொடங்கித் தம் பத்திரிகையில் ஜாய்ஸின் அனுமதியில்லாமல் 'யுலிஸிஸை' வெளியிட்டார். 1927-ல் 167 எழுத்தாளர்கள் கண்டன அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பிறகு 1929-ல் பாரிஸ் பதிப்பைப்போலவே ஒரு போலிப் பதிப்பும் வந்தது. சட்டம் யோக்கியமான பிரதியைத் துறைமுகத்தில் பிடித்து வைத்தது. திருட்டுப் பிரதி கடைத்தெருவில் விலை போயிற்று.

1930-ல் அமெரிக்கச் சுங்கச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை சுங்க அதிகாரி வைத்ததே சட்டமாக இருந்தது. நியூ மெக்ஸிகோவைச் சேர்ந்த ப்ரான்ஸன் கட்டிங் என்ற செனட்டர் இதை எதிர்த்துப் போராடினார். துறைமுகத்துக் குமாஸ்தா ஜனங்களின் படிப்பைத் தீர்மானிப்பதாவது என்று கேட்டார். தணிக்கையை அடியோடு நீக்க அவரால் முடியவில்லை. ஆனால் முக்கியமான ஒன்றைச் சாதித்தார். அதிகாரி பிடித்து வைக்கலாம். ஆனால் பறிமுதல் செய்து அழிக்க வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போய் அனுமதி பெற வேண்டும். இலக்கியத் தகுதி நிலைபெற்ற நூல்களை விற்பனைக்கு அல்லாமல் வரவழைத்தால் கஜானா மந்திரி தம் விருப்பப்படி அனுமதிக்கலாம் என்றும் ஒரு விதி சேர்ந்தது. பார்வைக்குச் சின்ன மாறுதல். ஆனால் அதன் பலன் என்ன? எங்கோ ஒரு இடத்தில், சம்பளம் வாங்கும் ஒருவர், அந்தப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தே தீர வேண்டியதாயிற்று.

ராண்டம் ஹவுஸ் கம்பெனியின் பென்னட் ஸெர்ஃபும் வக்கீல் மாரிஸ் எர்ன்ஸ்டும் இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அச்சிட்டுவிட்டுப் பிறகு வழக்காடினால், தோற்றால் அத்தனை பிரதிகளும் போகும், சிறைவாசமும் வரலாம். ஒரே ஒரு பிரதியைப் பாரிஸிலிருந்து தருவித்து, அதைச் சுங்கக்காரர்கள் பறிமுதல் செய்யும்படி பார்த்துக்கொண்டால், தோற்றாலும் ஒரு புத்தகந்தான் நஷ்டம். 1932-ல் அப்படியே செய்தார்கள். அந்தப் பிரதிக்குள் 'யுலிஸிஸைப்' பற்றி வந்த மதிப்புரைகளையும் ஒட்டி அனுப்பச் செய்தார்கள். விமரிசகர்களின் அபிப்பிராயத்தைக் கோர்ட்டு சாட்சியமாக ஏற்காமல் போகலாம். ஆனால் பிடிபட்ட சரக்கின் உள்ளேயே அது இருந்தால் எப்படித் தள்ளுவது? நல்ல யுக்தி.

ஆனால் சுங்கக்காரர் பிடிக்கவில்லை! ஸெர்ஃப் பிற்காலத்தில் ரசித்துச் சொன்ன கதை இது. கப்பல் வந்த அன்று கடும் வெயில். அதிகாரிகள் பெட்டியைத் திறக்காமலே முத்திரை குத்தி எல்லாரையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியின் ஆள், 'என் சாமானைச் சோதனை போட்டே ஆக வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்தாராம். புத்தகத்தைப் பார்த்த அதிகாரி, இதை எல்லாரும்தான் கொண்டுவருகிறார்கள், யார் கவனிக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டாராம். கெஞ்சிக் கூத்தாடித்தான் பறிமுதல் செய்ய வைத்தார்கள். ஸெர்ஃபின் கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். வக்கீல் ஆபீஸுக்கு வந்து சேர்ந்துவிட்ட பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்ச் சுங்கக்காரர்களிடம் காட்டினார்கள் என்று வேறொரு விவரமும் உண்டு. எப்படியானாலும், பிடிக்கச் சொல்லிப் பிடிக்கவைத்தது நிஜம். இதற்கிடையில் 1933-ல் இன்னொரு பிரதி, மந்திரியின் விசேஷ விதிப்படி, உயர்ந்த இலக்கியம் என்று அனுமதி பெற்றுக் கௌரவமாக உள்ளே வந்தது. ஒரே புத்தகத்தின் ஒரு பிரதி சிறையில், இன்னொரு பிரதி விருந்தாளி. சர்க்காரும் சில சமயம் நம் இலக்கிய உலகம்போல்தான் நடந்துகொள்கிறது.

வழக்கு ஜட்ஜ் ஜான் வூல்ஸியிடம் வந்தது. ஜூரி வேண்டாம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன. 1933 டிசம்பர் 6-ம் தேதி தீர்ப்பு வந்தது. முந்தின நாள்தான் அமெரிக்காவில் மதுவிலக்கு ஒழிந்திருந்தது. புத்தகம் ஆபாசமல்ல, அமெரிக்காவுக்குள் வரலாம் என்பது தீர்ப்பு. மறு வருஷம் மேல் கோர்ட்டில் மூவரில் இருவர் அதை உறுதி செய்தார்கள். மாறுபட்டவர் மான்ட்டன் என்ற ஜட்ஜ். ஜனங்களின் ஒழுக்கத்தைப் பற்றி மிகவும் கவலைப்பட்டவர். 1939-ல் லஞ்சம் வாங்கிய வழக்கில் தண்டனை அடைந்தார்.

வூல்ஸியின் தீர்ப்பில் என்னைக் கவர்ந்தது அதன் முடிவு அல்ல. தாம் என்ன செய்தார் என்று அவர் தரும் விவரம். புத்தகம் முழுவதையும் ஒரு முறை படித்ததாகச் சொல்கிறார். சர்க்கார் ஆக்ஷேபிக்கும் பகுதிகளைப் பல முறை படித்ததாகச் சொல்கிறார். பல வாரங்களாக ஓய்வு நேரமெல்லாம் இதற்கே செலவிட்டாராம். இதைப் புரிந்துகொள்ள இதைச் சுற்றி எழுதப்பட்ட வேறு நூல்களையும் படிப்பது நல்லது என்கிறார். பிறகு தம் அபிப்பிராயம் தம்முடைய தனிப் பலவீனமாக இருந்துவிடக் கூடாதே என்று, ரஸனையுள்ள இரண்டு நண்பர்களிடம், ஒருவருக்கு மற்றவரைத் தெரியாமல், தனித்தனியே கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறார். ஜாய்ஸ் செய்ய முயன்றது என்ன, அதை நேர்மையாகச் செய்தாரா என்று முதலில் கேட்கிறார். அதற்குப் பிறகுதான் கெட்ட வார்த்தைகளின் பக்கம் வருகிறார். ஒவ்வொரு வார்த்தையும் சித்திரத்தில் பதித்த சின்னக் கல்போலத் தன் இடத்தில் இருக்கிறது என்கிறார். விமரிசனத்துக்கு இதைவிட ஒழுங்கான முறையை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. 1868 முதல் இங்கிலாந்தில் இருந்த விதி வேறு. கெடக்கூடிய மனம் உள்ளவன் கையில் கிடைத்தால் கெடுக்குமா என்பதே அங்கே கேள்வி; அதற்கு இரண்டு பக்கம் போதும். வூல்ஸி கேட்டது, சாதாரண மனிதன் முழுவதும் படித்தால் என்ன ஆவான் என்று.

ஆனாலும் வூல்ஸியை ஒரேயடியாகக் கொண்டாட நான் தயாரில்லை. அவர் எப்படி விடுதலை செய்கிறார் பாருங்கள். இந்தப் புத்தகம் சில இடங்களில் குமட்டலை உண்டாக்கும். ஆனால் எங்கும் காமத்தைக் கிளப்பாது என்கிறார். ஆகவே குற்றமில்லை. சட்டம் கேட்ட கேள்விக்கு இது சரியான பதில்தான். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு இதைக் கேட்டுச் சந்தோஷப்பட முடியவில்லை. குமட்டினால் உத்தமம், இனித்தால் குற்றம் என்றல்லவா ஆகிறது? மாலியின் நினைவு குமட்டலிலா முடிகிறது? அதில் உடம்பின் சந்தோஷம் இருக்கிறது. அது படிக்கிறவனையும் தொடத்தான் தொடும். தொட வேண்டும் என்றுதான் ஜாய்ஸ் எழுதினார். மனித அந்தரங்கத்தைப் பற்றிய சோகமான, சக்திவாய்ந்த விளக்கம் என்று வூல்ஸியும் நண்பர்களும் முடிவு கட்டுகிறார்கள். சோகம் உண்டு, வாஸ்தவம். ஆனால் 'யுலிஸிஸ்' வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிற புத்தகமும்கூட. அந்தச் சிரிப்புக்குத் தீர்ப்பில் அதிக இடமில்லை. புத்தகத்தைக் காப்பாற்றுவதற்காக அதன் முகத்தில் கொஞ்சம் சாம்பலைப் பூசி வெளியே அனுப்பினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியும் பாட்கினைவிட வூல்ஸி எவ்வளவோ மேல். அவரோடு நாம் சண்டை போடலாம். 'இந்த இடத்தில் நீங்கள் பார்த்தது போதாது' என்று பக்கத்தைக் காட்டிப் பேசலாம். படித்தவனோடு மட்டும்தான் வாதாட முடியும்.

வழக்கு முடிந்ததும் ராண்டம் ஹவுஸ் உடனே அச்சுக் கோக்கத் தொடங்கியது. 1934 ஜனவரியில் வூல்ஸியின் தீர்ப்பை முன்னால் வைத்துப் புத்தகம் வந்தது. அவசரத்தில் அச்சுக் கோக்க அவர்கள் எடுத்துக் கொடுத்த பிரதி எது தெரியுமா? பாரிஸ் பதிப்பு என்று நினைத்துக்கொண்டு ராத்தின் போலிப் பதிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். திருட்டுப் பதிப்பின் பிழைகளெல்லாம் சட்டபூர்வமான பதிப்பில் குடியேறின. பின்னால் வந்த அச்சுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, 1961-ல் புதிதாகவே அச்சுக் கோத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேல் நல்ல பிரதியைத் துறைமுகத்தில் மறித்துக்கொண்டிருந்ததன் பலன் இது. மதிப்புரைகள் ஒட்டிய அந்தப் 'பிரதிவாதி' இப்போது கொலம்பியா சர்வகலாசாலை நூலகத்தில் இருக்கிறது.

இதெல்லாம் அந்நிய தேசத்துக் கதை, நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். நம் தேசத்திலும் புத்தகம் சுங்கச் சட்டத்துக்குள் அடங்கிய சரக்குதான். 1988 அக்டோபரில் ஸல்மான் ருஷ்டியின் 'ஸாத்தானிக் வெர்ஸஸ்' நாவல் இந்தியாவுக்குள் வரக் கூடாது என்று 1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தின் கீழ் தடை போட்டது கல்வி இலாகா அல்ல, நிதி இலாகா. தடையினால் நூலின் இலக்கியத் தகுதிக்குக் குறைவில்லை என்றும் அந்த இலாகா சொன்னதாக ருஷ்டியே எழுதி வருந்தியிருக்கிறார். அந்த நாவல் பலர் மனத்தைப் புண்படுத்தியது; அதைப் பற்றிய சண்டையில் மனித உயிர்களும் போயின. தடை சரியா தப்பா என்ற விவாதத்தில் நான் இங்கே இறங்கப் போவதில்லை. பின்னால் நடந்ததை மட்டும் சொல்லுகிறேன். அந்தத் தடையை எதிர்த்து 2019-ல் டில்லி ஹைகோர்ட்டில் ஒருவர் மனுப் போட்டார். தடை உத்தரவைக் கொண்டுவாருங்கள் என்று கோர்ட்டு கேட்டது. எந்த இலாகாவாலும் அதைத் தேடி எடுத்துத் தர முடியவில்லை. அப்படி ஒரு உத்தரவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் கோர்ட்டு சொல்லிவிட்டது. முப்பத்தாறு வருஷம் ஒரு புத்தகத்தை வாசலில் நிறுத்தி வைத்த காகிதம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. வூல்ஸியின் தீர்ப்பையும் பாட்கினின் கடிதத்தையும் இன்று எடுத்துப் படிக்கலாம். சரியா தப்பா என்று சொல்லலாம். இதைப் பற்றி அதுவும் சொல்ல முடியாது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் என்னுடைய நாவல், நூலகப் பிரதி. ஒரு பக்கத்தில் காது மடித்து, சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"நீங்களே படிச்சுப் பாருங்க ஸார். நாலு பேர் இருக்கிற வீட்டிலே வைக்கிற புஸ்தகமா இது?" என்றார்.

"மிச்சத்தையும் படித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"இதுக்கப்புறம் எதுக்கு ஸார் படிக்கணும்?" என்றார்.

அவர் போன பிறகு இரண்டு நாள் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பிறகு, கொஞ்ச நாள் முன்பு ஒரு கூட்டத்தில் நான் பேசியது ஞாபகம் வந்தது. புதிதாக எழுத வந்த ஒருவரின் நாவலைப் பற்றி வெகு நிச்சயமாக அபிப்பிராயம் சொல்லியிருந்தேன். ஜனங்கள் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அந்த நாவலில் நான் படித்தது முதல் முப்பது பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும். என் கையில் சிவப்புப் பென்சில் இல்லை, அவ்வளவுதான். அந்த இளைஞர் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். அவர் என்னிடம் வந்து, 'மிச்சத்தையும் படித்தீர்களா?' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாவலை மறுபடி எடுத்து, இந்தத் தடவை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். என் அபிப்பிராயம் பெரிதாக மாறவில்லை. நாவல் சுமார்தான். ஆனால் நடுவில் ஒரு அத்தியாயம், கிராமத்துச் சந்தையில் மாடு விற்கிற அத்தியாயம், மிக நன்றாக இருந்தது. அதை அவருக்கு ஒரு கார்டில் எழுதிப் போட்டேன்.